சீந்தில் கஷாயம்

நான் மூன்றாவது வரைதான் படித்தேன். ஆனாலும் என்னை யாரும் சுலபத்தில் ஏமாற்றியதில்லை. டில்லி கரோல் பாக்கில் இருந்த முப்பது வருஷமும் ஒரு கடைக்காரன்கூட என் பையில் அழுகின தக்காளியைப் போட்டது கிடையாது. ஏமாற்றியது நான் பெற்ற மகள்.

டில்லியிலேயே துவாரகாவில் இருக்கும் அவள் வீட்டுக்கு நான் வந்த புதிதிலேயே அவளுக்கு அடிக்கடி கால் மரத்துப்போகும், ஒரு கண் மங்கும். "ஆபீஸ் டென்ஷன்மா" என்பாள். உடம்பில் எதிர்ப்புச் சக்தி போதவில்லை என்று நானே முடிவு கட்டினேன். எங்கள் அடுக்குமாடி சொசைட்டி பார்க்கின் வேப்பமரத்தில் சீந்தில் கொடி படர்ந்திருக்கிறது. கிலோய் என்று இங்கே எல்லோரும் பறிப்பார்கள். தினமும் காலையில் அதை இடித்துக் கொதிக்கவைத்து ஒரு டம்ளர் கொடுத்தேன். இரண்டு வருஷம். டம்ளர் காலியாகத் திரும்பி வரும். "கசந்தாலும் தெம்பா இருக்கும்மா" என்பாள்.

போன மாதம் மாப்பிள்ளை வெளியூர் போயிருந்தபோது அவளால் தனியாக நடக்க முடியவில்லை. வேறு வழியில்லாமல் ஆஸ்பத்திரிக்கு என்னைத் துணைக்கு அழைத்துப்போனாள். அங்கே டாக்டரம்மா என்னையும் உட்காரவைத்து இந்தியில் நிதானமாகச் சொன்னார். நோயின் பெயர் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். மூளைக்குள் இருக்கும் காவல் செல்கள் சேதி அனுப்புமாம். ரத்தத்தில் ஓடும் காவல் செல்கள் அதைக் கேட்டு உள்ளே வருமாம். ஒன்றையொன்று உசுப்பிவிட்டு, நம்முடைய நரம்பின் மேலுறையையே அரித்துவிடுமாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மருந்து ஏற்றுவது அந்த எதிர்ப்புச் சக்தியை அடக்கத்தான் என்றார்.

அடக்க. நான் அதைக் கூட்டப் பார்த்திருக்கிறேன்.

"கிலோய்?" என்று கேட்டேன்.

"வேண்டவே வேண்டாம், மாஜி."

வீட்டுக்கு வந்ததும் அவளை நாற்காலியில் உட்காரவைத்தேன்.

"மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

"முதல்லேருந்தே தெரியும்மா."

"வேலைக்காரிக்கு?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரி. கஷாயம் குடிச்சியா இல்லையா? அதை மட்டும் சொல்லு."

"ஒரு வாய்கூட இல்லம்மா. பாத்ரூம்ல ஊத்திடுவேன்."

அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. அதற்குப் பின்னாலேயே கோபமும் வந்தது.

"சொன்னா அழுதுடுவேன்னு நெனச்சியாடி?"

"நீ எங்கம்மா அழுவே? வைத்தியம் பண்ணுவே."

மறுநாள் காலையில் காபி மட்டும் போட்டுக் கொடுத்தேன். அவள் கடைசிச் சொட்டு வரை குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நின்றேன்.