கூட்டாமல் விட்ட வளவு

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த மோர்டனில் எங்கள் வீட்டுப் பின்வளவைக் கூட்டாமல் நான் காலைத் தேநீர் குடித்ததில்லை. டூட்டிங் தமிழ்க் கடையில் வாங்கிய ஈர்க்கு விளக்குமாற்றோடு இறங்கிவிடுவேன். குளிர்காலமென்றால் மேலே ஒரு ஜாக்கெட். கூட்டாத வளவில் மூதேவி குடியிருப்பாள் என்று கேட்டு வளர்ந்தவள் நான். எங்கள் தெருவின் மற்ற வளவுகளில் அவள் வாடகை கொடுக்காமல் குடும்பத்தோடு இருக்கிறாள் என்பது என் எண்ணம். "அம்மா புல்லுக்கும் ஹூவர் மெஷின் பிடிப்பா" என்று மகன் தன் சிநேகிதர்களிடம் சொல்லிச் சிரிப்பான்.

அந்த மகன் ஓர் ஐப்பசியில் வேலைக்குப் போன இடத்தில் விழுந்து இறந்தான். இதயம் நின்றுவிட்டது என்றார்கள். வயது இருபத்தாறு.

நான் அழவில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, அழுகை வரவில்லை, அவ்வளவுதான். வந்தவர்கள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதபோது நான் அவர்களின் முதுகைத் தடவிவிட்டேன். சாப்பிட்டேன், நித்திரை கொண்டேன், வேலைக்கும் போனேன். எதிலும் உப்பில்லை. ஒன்று மட்டும் கூடியது. காலையில் கூட்டியவள் மாலையிலும் கூட்டத் தொடங்கினேன். வளவின் நடுவில் ஒரு பிளம் மரம். அவன் சின்ன வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து கன்றாகக் கொண்டுவந்து நட்டது. அதன் கீழ் ஓர் இலை கிடக்க விடமாட்டேன். வேர் இடுக்கில் சிக்கியதைக் கையால் பொறுக்குவேன். எல்லாவற்றையும் கவுன்சில் தந்த தோட்டக் குப்பைத் தொட்டிக்குள் போட்டு, மூடியை அழுத்தி மூடுவேன். மரத்தடி சாணி மெழுகிய தரை போலச் சுத்தமாக இருந்தது.

அடுத்த கோடையில் மரம் வாடியது. பூத்ததே குறைவு. இலைகள் சிறுத்து மஞ்சளாகின. வீட்டுப் பக்கத்துக் கிளைகள் நுனியிலிருந்து பட்டுக்கொண்டு வந்தன. என் கணவர் யன்னலால் பார்த்துப் பார்த்து, கடைசியில் ஒரு நாள், திவசம் முடிய ஆளைப் பிடித்து வெட்டிவிடுவோம் என்றார். இதுவும் கண்முன்னால் சாவதைப் பார்க்கத் தன்னால் ஏலாது என்றார். நான் வெட்ட வேண்டாம் என்றேன். அப்ப என்ன செய்யப் போறீர் என்று கேட்டார். இனிமேல் செய்யப் போவது என்று எதைப் பற்றியும் நான் அந்த நாட்களில் பேசுவதில்லை.

ஆனாலும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன், கொஞ்சம் பசளை வைத்துப் பார்ப்போம் என்று. மண் சீமெந்து மாதிரி இறுகிக் கிடந்தது. மூன்று நான்கு இடத்தில் கொத்தினேன். எங்கும் ஒரு புழு பூச்சி இல்லை. பசளையை அள்ள ஒரு வாளி தேவைப்பட்டது. அது வளவு மூலையில் சாமான் போடுகிற ஷெட்டுக்குப் பின்னால் கிடந்தது.

ஷெட்டுக்கும் வேலிக்கும் நடுவில் விளக்குமாறு நுழையாத ஓர் ஒடுக்கம் உண்டு. வருகிறவர்களை நான் அந்தப் பக்கம் விடுவதில்லை, வெட்கம். காற்று கொண்டுவந்து ஒதுக்கிய இலைகள் வருடக்கணக்காக அங்கே குவிந்திருந்தன. வாளியை இழுத்தபோது குவியல் சரிந்தது. மேலேதான் இலை. அடியில் கிடந்தது கறுப்பாக, ஈரமாக, பிட்டுப் போல உதிர்ந்தது. மழை விட்ட மண்ணின் மணம் அடித்தது. சிவப்புப் புழுக்கள் நெளிந்தன. தொட்டால் சுருளும் சாம்பல் நிறப் பூச்சிகள் ஓடின. பாதி உக்கிய இலைகளை வெள்ளைப் பூஞ்சண நூல்கள் ஒன்றோடொன்று பிணைத்திருந்தன. நிமிர்ந்து மரத்தைப் பார்த்தேன். ஷெட் பக்கத்துக் கிளைகள் மட்டும் பச்சையாக இருந்தன.

நான் பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படித்தவள். பிரிகையாக்கிகள் என்று ஒரு பாடம் இருந்தது. செத்ததைத் தின்று, அதிலுள்ள சத்தை மண்ணுக்குத் திருப்பிக் கொடுப்பவை. அவை இல்லாவிட்டால் ஒரு காடு தன் சருகுக்குள்ளேயே புதைந்து, பட்டினியில் சாகும். படம் கீறி, பெயர் குறித்து, முழுப் புள்ளியும் வாங்கினேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்? மரம் தன் சாப்பாட்டைத் தானே உதிர்த்துப் போட, நான் அதை அள்ளிக் கவுன்சில் லொறியில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். அதைத் தின்ன வேண்டிய புழுக்களும் இல்லாமல் போய்விட்டன. என் வீட்டுக்கு வந்த யாரும் பசியோடு திரும்பியதில்லை. அவன் மரம் என் வீட்டிலேயே பட்டினி கிடந்திருக்கிறது.

அப்போதும் அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. செத்தது எதுவென்றாலும் இவை வாங்கிக்கொள்கின்றன. பிள்ளையை நாங்கள் இவற்றிடம் கொடுக்கவில்லை. நெருப்புக்குக் கொடுத்து, சாம்பலை ஆற்றில் விட்டோம். அது சரியா பிழையா என்று யோசித்தேன். யோசனை ஓரிடத்திலும் போய் நிற்கவில்லை. அந்தக் கறுப்பு மண்ணைப் புழுக்களோடு வாளியில் அள்ளி, மரத்தடியில் கொண்டுபோய்ப் பரப்பினேன்.

இலையுதிர் காலம் வந்தது. நான் கூட்டவில்லை. கை தினவெடுத்தது. இலைகள் மழையில் நனைந்து, ஒட்டி, கறுத்தன. நான் குசினிக்குள் இருந்து தேநீரைக் குடித்துக்கொண்டு அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மரம் வெட்டுகிற ஆளின் நம்பரைக் கணவர் எழுதி ஒட்டிய துண்டு குளிர்ப்பெட்டிக் கதவிலேயே இருந்தது.

அவன் போய் ஒரு வருடமான ஆட்டைத் திவசத்தன்று காலையில், உதவி செய்ய பிளேஸ்டோவிலிருந்து மச்சாள் வந்தாள். என் கணவரின் தங்கை. வேலை சொல்ல வேண்டிய ஆளில்லை அவள், கண்டதைச் செய்வாள். நான் அவனுக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பொரியலை இறக்கிவிட்டு யன்னலால் பார்த்தேன். அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மரத்தடியைக் கூட்டிக்கொண்டிருந்தாள். பாதிக்கு மேல் கூட்டிக் குவித்துவிட்டாள். செருப்பில்லாமல் ஓடிப்போய் விளக்குமாற்றைப் பிடித்தேன்.

"விடுங்கோ மச்சாள்."

"சனம் வரப்போகுது. செத்த வீடு மாதிரியெல்லோ கிடக்கு" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு விளங்கியது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"செத்த வீடுதானே" என்றேன். எனக்குக் கோபமில்லை. "இது குப்பையில்லை. மரத்துக்குப் படைச்சிருக்கிறன். எடுக்காதேங்கோ."

எனக்கு மூளை பிசகிவிட்டதோ என்று பார்ப்பதுபோல அவள் என்னைப் பார்த்தாள். நான் குந்தி, குவியலைக் கையால் கலைத்து மரத்தடியில் பரப்பத் தொடங்கினேன். சற்று நேரத்தில் அவளும் பக்கத்தில் குந்திப் பரப்பினாள். ஓர் இலைக்கடியில் புழு ஒன்று நெளிய, கையை இழுத்துக்கொண்டாள்.

"இதெல்லாம் எப்ப உக்கி முடியிறது மச்சாள்?" என்று கேட்டாள்.

"பங்குனிக்கிடையிலை உக்கிடும். பிறகு பூக்கும்."

அவன் போன பிறகு, வரப்போகும் ஒரு மாதத்தின் பெயர் என் வாயில் வந்தது அதுதான் முதல் தடவை. மச்சாள் அதைக் கவனிக்கவில்லை. படையலுக்கு வாழையிலையைத் துடைத்துக்கொண்டு குசினி வாசலில் நின்ற என் கணவர் கவனித்தார். துடைப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"அப்ப மரம் நிக்கட்டும்" என்றார்.