தெரேஸ் மதாம் இல்லாத காலை

1962 புரட்டாசியில் நான் புதுச்சேரி போனது கடற்கரை பார்க்க அல்ல, வேலை தேடி. விழுப்புரத்தில் நான் நடத்திவந்த பாலர் பள்ளி ஒரு தகரக் கொட்டகை. வெயில் ஏறினால் பிள்ளைகள் தூங்காமல் அழும். உதவிக்கு வருகிறவர்கள் ஒருத்தரும் நிலைக்கவில்லை. எனக்கு அலுத்துவிட்டது. அந்தச் சமயத்தில்தான் பக்கத்து வீட்டு அம்மா, தன் அக்கா தெரேஸ் புதுச்சேரியில் உப்பளம் பகுதியில் நடத்தும் பாலர் பள்ளிக்குத் தலைமையாசிரியை தேடுவதாகச் சொன்னார். தெரேஸின் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். இந்தியாவா பிரான்சா, எந்தக் குடியுரிமை வேண்டும் என்று அந்த ஊரில் வீட்டுக்கு வீடு பேசிக்கொண்டிருந்த நேரம். அவர்கள் பிரான்சுக்குப் போவதென்று முடிவெடுத்துவிட்டார்கள்.

விழுப்புரத்திலிருந்து ரயிலில் இருபத்துநாலு மைல்தான். ஆனாலும் காலை வண்டியில் சாய்ந்து உட்கார இடம் கிடைக்காது. போதாததற்கு வில்லியனூரில் காரணம் தெரியாமல் நின்றது. ஸ்டேஷனில் இறங்கியதும் ரிக்‌ஷாக்காரர், “ஏறுங்கம்மா, வெயிலு ஏறிடுச்சு” என்றார். பக்கம்தானே என்று நடந்தேன். நீங்கள் நடக்காதீர்கள். போய்ச் சேரும்போது பேசத் தெம்பில்லை.

பள்ளி, உயரமான கூரையும் மரச் சன்னல்களும் உள்ள பழைய வீடு. உள்ளே குளிர்ச்சி. தெரேஸை எல்லோரும் பிரெஞ்சு வழக்கப்படி மதாம் என்றே கூப்பிட்டார்கள். ஐம்பது வயதிருக்கும். கஞ்சியை ருசி பார்ப்பதும் அவர்தான், எந்தப் பிள்ளை எங்கே படுக்கும் என்று சொல்வதும் அவர்தான், மூக்கைத் துடைத்துவிடுவதும் அவர்தான். ஒரு பிள்ளை முகம் சுளித்தால் போதும், அங்கே நிற்பார். இரண்டு டீச்சர்களில் மூத்தவள் ரஹமத், பெரிய மார்க்கெட் பக்கத்துத் துணி வியாபாரி மகள். அவளிடம் நான் எதைக் கேட்டாலும், “மதாமக் கேட்டுச் சொல்றேன்” என்றாள். அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை. இந்த வேலையை ஏற்றுக்கொள்வதென்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் காலை தெரேஸ் பயணக் காகிதங்களுக்காக அலுவலகம் போனார். கொஞ்ச நேரத்தில் அரியாங்குப்பத்துப் பிள்ளை செல்வி குழாயடியில் வழுக்கி விழுந்து உதட்டைக் கிழித்துக்கொண்டாள். நல்ல ரத்தம். ரஹமத் ஈரத்துணியைக் கையில் பிடித்தபடி வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். சின்ன டீச்சர் மதாமைத் தேடித் தெருவுக்கு ஓடினாள். மற்றப் பிள்ளைகளும் அழ ஆரம்பித்தன.

“மதாம் இப்ப வந்துடுவாங்க” என்றாள் ரஹமத்.

“வரலன்னா நீ என்ன பண்ணுவ?” என்று கேட்டேன்.

“மடியில வச்சு துணியால அழுத்திப் புடிப்பேன். ரத்தம் நிக்கலன்னா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடுவேன்.”

“அப்ப அதையே செய்யேன்.”

செய்தாள். அழுத்திப் பிடித்தபடியே சின்ன டீச்சரைத் தெருவிலிருந்து திரும்பக் கூப்பிட்டு, மற்றப் பிள்ளைகளை உள்ளே கொண்டுபோய்ப் பாட வைக்கச் சொன்னாள். என்ன செய்ய வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை. ரத்தம் நின்றது. நான் சும்மா நின்றுகொண்டிருந்தேன்.

மத்தியானம் தெரேஸிடம் சொன்னேன்: “எனக்கு இந்த வேலை வேணாங்க. ரஹமத்துக்குக் குடுங்க.”

“அவளுக்கு ஒண்ணும் தெரியாதே.”

“தெரியுது. நீங்க இருந்தா தெரியாத மாதிரி நிக்கிறா. கொஞ்ச நாள் காலையில வராம இருந்து பாருங்க.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, “இன்னும் மூணு மாசம்தான் இந்தப் புள்ளைங்களோட இருக்கப் போறேன். அதையும் விட்டுடச் சொல்றீங்களா?” என்றார்.

எனக்குக் களைப்பாக இருந்தது, வேலையும் போய்விட்டது, ஒரு மனுஷியை அழவைத்தும் ஆயிற்று.

பள்ளி நடத்துகிறவர்கள் இன்னொரு பள்ளியைப் பார்க்கப் போனால் ஒரே நாளில் திரும்பிவிடாதீர்கள். தலைமையாசிரியை இருக்கிற ஒரு நாளும் இல்லாத ஒரு நாளும் பாருங்கள். திரும்பும் ரயிலுக்கு முன்பே போய் இடம் பிடியுங்கள். இட்லி கட்டிக்கொண்டு போங்கள்.

மூன்றாம் நாள் ஊருக்குக் கிளம்பும் வழியில் பள்ளிப் பக்கம் போனேன். எதிர்ச் சாரியில் ஒரு ரிக்‌ஷா நின்றிருந்தது. தெரேஸ் இறங்காமல் அதிலேயே உட்கார்ந்திருந்தார். வாசலில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் அம்மாவின் சேலையை விடாமல் கத்திக்கொண்டிருந்தான். ரஹமத் அவனைத் தூக்கவும் தெரியாமல் விடவும் தெரியாமல் திணறினாள்.

“சன்னல் பக்கம் கொண்டு போனா அடங்கிடுவான்” என்றார் தெரேஸ், பக்கத்தில் போய் நின்ற என்னிடம்தான். ரிக்‌ஷாவின் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தார்.

ரஹமத் அவனைச் சன்னல் பக்கம் கொண்டுபோகவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டாள். அழுகை நிற்க வெகுநேரம் ஆனது. அதுவரை தெரேஸ் இறங்கவில்லை.