கிணற்றடிக் கோரை

எங்கள் வீடு சேத்தியாத்தோப்பிலிருந்து உள்ளே தள்ளிய ஒரு தெருவின் கடைசியில் இருந்தது. கொல்லையில் கிணறு. அப்பா தன் கையால் வெட்டி, உறை இறக்கி, இடுப்பளவுக்குச் செங்கல் சுவரும் வைத்தார். அதோடு வேலை நின்றுவிட்டது. சுற்றிலும் சிமெண்டுத் தளம் போடவில்லை. நாலு கருங்கல்லைப் பதித்து, அதில் நின்று தண்ணீர் இறைத்தோம். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே மண். மண் தெரிந்த இடமெல்லாம் கோரை.

2009-ல் நான் சிதம்பரத்தில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். கல்யாணப் பத்திரிகை, மாத்திரை அட்டை, கரண்டுக்காரர் கொடுத்த சீட்டு, எது வந்தாலும் நான் ஊருக்கு வரும் சனிக்கிழமை வரை அலமாரியில் கிடக்கும். நான் படித்துச் சொல்வதுதான் முடிவு. அது சரியா என்று பார்க்க அங்கே வேறு ஆள் இல்லை.

ஐப்பசியில் அக்கா வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். வந்த மூன்றாம் நாள் கிணற்றடிக் கோரைக்குள்ளிருந்து சாரை ஒன்று அவள் காலை உரசிக்கொண்டு போனது. அம்மா அதன் பிறகு அவளைக் கிணற்றுப் பக்கம் விடவில்லை. அப்பா மண்வெட்டியால் செதுக்கிப் போட்டார். பத்து நாளில் முன்னைவிட அடர்த்தியாக வந்தது.

"மருந்து அடிச்சிட்டா வேரோட போயிடும்பா" என்றேன்.

அப்பாவும் பக்கத்து வீட்டு மாமாவும் கூலிக்கு வயலில் மருந்தடிக்கப் போகிறவர்கள். எழுத்து தெரியாவிட்டாலும் டப்பாவில் இருக்கும் நிறத்தை வைத்து மருந்தை எடை போடுவார்கள். நான் கடையில் வாங்கி வந்த களைக்கொல்லி டப்பாவை மாமா திருப்பிப் பார்த்தார்.

"பச்சைதான் போட்டிருக்கான். செவப்புன்னாதான் பயப்படணும். எவ்ளோ ஊத்தணும்னு படிச்சியா மாப்ள?"

படித்திருந்தேன். டப்பாவில் ஆங்கிலத்தில் இருந்த அளவை உரக்க வாசித்தும் காட்டினேன். டப்பாவின் கழுத்தில் ரப்பர் போட்டுக் கட்டியிருந்த துண்டுத்தாளைப் பிரிக்காமல் சட்டைப் பையில் வைத்தேன்.

மாமாவின் ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு நானே அடித்தேன். வயலில் அவர்கள் செய்வதைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் இருக்கும் தண்ணீரை மொண்டு கலப்பார்கள். முடிந்ததும் அதே இடத்தில் டேங்கைக் கழுவிக் கவிழ்ப்பார்கள். அப்படியே செய்தேன். இறைக்கிற வாளியிலேயே மருந்தைக் கலக்கினேன். கருங்கல்லின் மேல் நின்று டேங்கை மூன்று முறை அலசி ஊற்றினேன். வாய்க்காலில் ஊற்றினால் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும். கிணறு எங்கேயும் போகாது என்பது அப்போது தோன்றவில்லை. சுவரின் அடியில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு சந்து. அலசிய தண்ணீர் அதற்குள் இறங்கியது. உள்ளே சொட்டுகிற சத்தம் கேட்டது. கேட்டும் அதைப் பொருட்படுத்தவில்லை.

மறுநாள் மத்தியானம் சிதம்பரம் பஸ்ஸில் உட்கார்ந்து, பொழுது போகாமல் அந்தத் தாளைப் பிரித்தேன். எறும்பு எழுத்தில் ஏழெட்டு மொழிகள். தமிழ் நாலாவது மடிப்பில். குடிநீர்க் கிணறு, குளம் ஆகியவற்றின் அருகே பயன்படுத்தக் கூடாது. கருவியைக் கழுவிய நீரை நீர்நிலைகளில் கலக்க விடக் கூடாது. இரண்டு வரிதான். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி அக்காவின் செல்லுக்கு அடித்தேன்.

"அக்கா, கெணத்துத் தண்ணி குடிச்சியா?"

"வேற எதக் குடிப்பேன்? கலர் சோடாவா வாங்கி வச்சிருக்க?"

"குடிக்காத. சோறும் அதுல ஆக்க வேணாம்னு அம்மாகிட்ட சொல்லு."

"சாப்ட்டு முடிச்சாச்சு. என்னாடா ஆச்சு?"

சொன்னேன். "நேத்து சாயங்காலத்துலேருந்து அதாண்டா குடிக்கிறேன்" என்றாள். திட்டவில்லை. போனை வைத்துவிட்டாள்.

எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஏறித் திரும்பி வந்தேன். அப்பா அதற்குள் ஆயில் இஞ்சினைக் கொண்டுவந்து கிணற்றை இறைத்துக்கொண்டிருந்தார். மழைக்காலம். இறைக்க இறைக்க ஊறியது. இரண்டு நாள் இறைத்தார். மாமா வேலியோரம் நின்று பார்த்தார்.

"படிச்சவன் அடிச்சா புல்லு மட்டுமா சாவும்?" என்றார். பிறகு அவரே வந்து இஞ்சின் பைப்பைப் பிடித்துக்கொண்டார்.

அக்காவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். டாக்டரம்மா வயிற்றைப் பார்த்துவிட்டு, இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை, அந்தத் தண்ணீரை நிறுத்துங்கள் என்றார். நிறுத்தினோம். பள்ளிக்கூடத்து போர் பம்பிலிருந்து சைக்கிளில் இரண்டு குடம். காலையில் அப்பா வேலைக்குப் போகுமுன் ஒரு நடை, வந்ததும் ஒரு நடை.

"காச்சிக் குடிச்சா போயிடாதா?" என்று அம்மா கேட்டாள்.

"கிருமின்னா போவும்மா. மருந்து போவாது."

"எத்தினி நாளைக்கி இந்த ஆளு தூக்குவாரு?"

கிணற்றுத் தண்ணீரை ஒரு கேனில் பிடித்துக் கடலூருக்கு எடுத்துப்போனேன். தண்ணீர் சோதிக்கிற அலுவலகத்தில் இருந்தவர் கேனை வாங்கிப் பெயர் எழுதி ஒட்டினார். விஷயத்தைச் சொன்னதும் நிமிர்ந்தார்.

"தம்பி, நாங்க உப்பு, கடினத்தன்மை, இரும்பு, கிருமி, இதெல்லாம் பாப்போம். நீங்க சொல்ற மருந்தை இங்க பாக்கறதில்ல."

"வேற எங்க சார் பாப்பாங்க?"

"மெட்ராஸ்ல கேட்டுப் பாருங்க. வந்ததுக்கு இதக் குடுத்துட்டுப் போங்க."

கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டில் அதைச் சொல்லவில்லை. சோதனைக் காகிதம் வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பத்து நாள் ஓட்டினேன். அந்தப் பத்து நாளும் அப்பா தண்ணீர் தூக்கினார். காகிதம் வந்தால் தீர்ந்துவிடும் என்று அம்மா தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

நான் கடலூர் போய் அதை வாங்கி வந்த அன்று எல்லோரும் கொல்லையில் இருந்தார்கள். மாமாவும் வந்திருந்தார். ஒரு பக்கத் தாள். நடுவில் கட்டம் கட்டமாக எண்கள். அடியில் 'குடிக்க உகந்தது' என்று எழுதிக் கையெழுத்து. அந்த இரண்டு சொல்லைப் படித்தால் போதும். பொய்யும் ஆகாது. அப்பா மறுநாள் காலையில் சைக்கிளை எடுக்க வேண்டியதில்லை.

"என்னா எழுதியிருக்கு?" என்று அப்பா கேட்டார்.

"குடிக்கலாம்னு எழுதியிருக்கு."

அம்மா மேலே பார்த்துக் கும்பிட்டாள். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆனா நான் அடிச்ச மருந்து இதுல இல்ல. அத இவுங்க பாக்கவேயில்ல. அங்கயே சொல்லிட்டாங்க."

"அப்ப எதுக்குடா இந்தக் காயிதம்?" அப்பா கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"உப்பு ஜாஸ்தியான்னு தெரிஞ்சுக்க."

"உப்பா? அதுக்கு நாக்கு பத்தாது?" என்றார் மாமா.

"பத்து நாளா தெரியும், வாயத் தொறக்கல" என்றாள் அம்மா. "இன்னிக்கு மட்டும் எதுக்குச் சொல்ற?"

அக்கா குறுக்கிட்டாள்.

"நீ குடிப்பியாடா அத?"

"நான் குடிப்பேன். ஒனக்குக் குடுக்க மாட்டேன்."

"அப்ப கொழந்த பொறக்கற வரைக்கும் வாரத்துல ரெண்டு நாளு நீ தூக்கு. அப்பா இடுப்பு போச்சு."

தூக்கினேன். அதற்குள் கோரையும் திரும்ப வந்திருந்தது. மேலே காய்ந்ததே தவிர, அடியில் இருந்த கிழங்குகள் சாகவில்லை. கற்களைப் பெயர்த்துவிட்டு, சுவரைச் சுற்றிக் களைக்கொத்தால் முழ ஆழம் கிளறி, கிழங்கு கிழங்காகப் பொறுக்கினேன். மழை விட்டதும் மாமா சுவரடிச் சந்தில் சிமெண்டு வைத்து அடைத்து, தண்ணீர் வெளிப்பக்கம் வழிகிற மாதிரி சாய்த்துத் தளம் போட்டுக் கொடுத்தார். தளத்தின் விளிம்பில் முளைப்பதை மட்டும் கையால் பிடுங்கினோம்.

தை மாதம் பெண் குழந்தை பிறந்தது. குறை எதுவும் இல்லை. அதற்குக் கிணற்றை இறைத்ததும் தண்ணீரை மாற்றியதும் காரணமா, அல்லது மருந்தே அத்தனை சேரவில்லையா, எனக்குத் தெரியாது. மெட்ராஸில் விசாரிக்க நான் போகவேயில்லை.

புகுந்த வீட்டுக்குக் கிளம்பிய அன்று காலை அக்கா தானே கிணற்றடிக்குப் போனாள். வாளியை இறக்கி, முகம் கழுவி, இரண்டு கை அள்ளிக் குடித்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். என்னை அவள் எதுவும் கேட்கவில்லை. குழந்தைக்கு வெந்நீர் வைக்க மட்டும் அப்போதும் சைக்கிளில் வந்துகொண்டிருந்த குடத்தைச் சாய்த்துக்கொண்டாள்.