அத்தை சொன்ன தேதிகள்

எங்கள் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, யாருடைய முகத்தையும் பார்த்துப் பேசமாட்டாள். சட்டைப் பொத்தானைப் பார்த்துத்தான் பேசுவாள். தட்டில் பருப்பு சோற்றைத் தொட்டுவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு கிடையாது. ரராவாய் சர்க்கரை ஆலையின் சங்கு ஊதுவதற்கு ஒரு நிமிஷம் முன்னாலேயே இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நிற்பாள். ஆட்டிசம் என்ற சொல் அந்தக் காலத்தில் எங்கள் தீவின் கரும்புத் தோட்டம்வரை வந்திருக்கவில்லை. “அந்தப் பொண்ணு ஒரு மாதிரி” என்பார்கள். முப்பத்தெட்டு வயதிலும் அவள் அந்தப் பொண்ணுதான்.

ஆனால் ஒரு தேதி ஒரே ஒரு முறை அவள் காதில் விழுந்தால் போதும், அது எங்கும் போகாது. யார் கல்யாணம், யார் வீட்டுக் குழந்தைக்கு மொட்டையடித்தது, எந்தப் புயலில் எந்தக் கூரை பறந்தது எல்லாம் தேதியோடும் கிழமையோடும் வரும். ஊரார் அதை ஒரு வேடிக்கையாக வைத்திருந்தார்கள். கோயில் திருவிழாவில் அவளைக் கூப்பிட்டு ஏதாவது இரண்டு தேதி சொல்லிக் கிழமை கேட்டுச் சிரித்துவிட்டு, அடுத்த வேடிக்கைக்குப் போய்விடுவார்கள்.

ராணுவம் துப்பாக்கியோடு பாராளுமன்றத்துக்குள் நுழைந்த பிறகு அந்த வேடிக்கைக்குத் திடீரென்று மதிப்பு வந்தது. தாத்தா காலத்தில் இந்தியாவிலிருந்து கரும்பு வெட்ட வந்த எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஊரைவிட்டுப் போகவேண்டியிருந்தது. குடியேற்றப் படிவமோ பிறப்பு, இறப்பு, கல்யாணம் என்று தேதியாகக் கேட்டது. பத்திரங்கள் பாதி வீடுகளில் வெள்ளத்தோடு போயிருந்தன. சரியான தேதியைச் சொன்னால்தான் பதிவு அலுவலகத்தில் பழைய புத்தகத்தைப் புரட்டி நகல் தருவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஓடக்கூடாது, கடை திறக்கக்கூடாது என்று உத்தரவு இருந்ததால் ஜனங்கள் நடந்தே எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பக்கத்துத் தோட்டத்து முஸ்லிம் பெரியவர்கூடத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, “பஹினி, எங்க வாப்பா மௌத்தான தேதி கொஞ்சம் சொல்லும்மா” என்று தங்கையிடம் கேட்பதுபோல் கேட்டார். அத்தை அவர் பொத்தானைப் பார்த்துச் சொன்னாள். “புதன்கிழமை. மழை” என்பதையும் சேர்த்துக்கொண்டாள்.

அப்படி எத்தனையோ வீடுகளை அவள் கப்பலேற்றி அனுப்பினாள் என்றே சொல்லவேண்டும். எங்கள் முறையும் வந்தது. அம்மாவின் தம்பி ஒரு குளிர் நாட்டில் குடியேறியிருந்தார். அவர் கூப்பிட்டார். அப்பா, அம்மா, நான், அத்தை என்று நான்கு பெயர் எழுதிப் போட்டோம். கடைசியாக மருத்துவப் பரிசோதனை மட்டும் மிச்சம்.

அதற்காக அம்மா அத்தையை ஒரு மாதம் தயார்செய்தாள். அத்தையின் பிடிவாதங்களைப் பற்றி அண்டை அயலிடம் அதிகம் புலம்பியவளும் அம்மாதான். அதே அம்மா தினமும் சாயங்காலம் ஒரு நாற்காலியைப் போட்டு டாக்டராக உட்கார்ந்துகொள்வாள். “குட் மார்னிங் சொல்லுங்க அண்ணி. பேர் சொல்லுங்க. கேட்டதுக்கு மட்டும் பதில். தேதி, கிழமை ஒண்ணும் பேசக்கூடாது.” அத்தை தலையை ஆட்டுவாள். பிறகு என் பக்கம் திரும்பி, “நீயும் வாயைத் திறக்காதே” என்பாள் அம்மா. ஏன் என்று எனக்குச் சொல்லவில்லை. எனக்கு ஒன்பது வயது. ஏன் என்று தெரியாத உத்தரவு என்னிடம் நெடுநாள் தங்காது.

டாக்டர் வயதானவர், நல்ல மனிதர். லௌடோக்கா நகரத்தில் அவர் அறையில் அத்தை சொல்லிக்கொடுத்த மாதிரியே நடந்துகொண்டாள். குட் மார்னிங் சொன்னாள். பெயர் சொன்னாள். நாக்கை நீட்டச் சொன்னபோது நீட்டினாள். டாக்டர் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போடக் குனிந்துவிட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அப்பாவின் இருமலைப் பற்றி அவ்வளவு நேரம் விசாரித்தவர், எங்கள் அத்தையைப் பற்றி ஒன்றுமே தெரிந்துகொள்ளாமல் அனுப்பப் பார்க்கிறாரே என்று இருந்தது.

“டாக்டர், அத்தைகிட்ட ஏதாவது ஒரு தேதி சொல்லுங்க. என்ன கிழமைன்னு சொல்வாங்க” என்றேன்.

அவர் புன்னகையோடு தன் பிறந்த தேதியைச் சொன்னார். “சனிக்கிழமை” என்றாள் அத்தை. அவர் மனைவியின் தேதியைச் சொன்னார். அதற்கும் சொன்னாள். ஒரு மாதமாக அடைத்துவைத்திருந்தது பிறகு நிற்கவில்லை. இறந்தவர்கள், பிறந்தவர்கள், புயல்கள், கரும்பு வெட்டு ஆரம்பித்த நாட்கள் எல்லாவற்றையும் அவள் முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டே சொன்னாள். டாக்டர் உண்மையாகவே வியந்துபோனார். பேனாவை மூடிவிட்டு வேறொரு நீளக் காகிதத்தை எடுத்தார். பள்ளிக்கூடம் போனாளா, தனியாக பஸ் ஏறுவாளா, அடுப்புப் பற்றவைப்பாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். வலித்தது. பெருமையில் பிடிக்கிறாள் என்று நினைத்தேன். பா ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் நான் ஒருத்திதான் பேசிக்கொண்டு வந்தேன்.

சில மாதங்கள் கழித்துக் கடிதம் வந்தபோது அதில் மூன்று பெயர்கள் இருந்தன.

அப்பா அந்தக் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார். அந்த வருஷமே நிலத்தின் குத்தகையும் முடிந்தது, புதுப்பிக்க மாட்டோம் என்று நிலத்துச் சொந்தக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். கடைசியில் அத்தை எங்கள் தீவிலேயே பினாங்கு என்ற இன்னொரு சர்க்கரை ஆலைப் பக்கம் இருந்த பெரியப்பா வீட்டில் இருப்பது என்று முடிவாயிற்று. அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அத்தையின் துணிகளை மடித்துக்கொண்டே பெரியம்மாவிடம், “சோத்துல பருப்பு படாமப் போடுங்க அக்கா, மத்தபடி ஒரு தொந்தரவும் கிடையாது” என்று மூன்று முறையாவது சொன்னாள்.

நாங்கள் கிளம்பிய காலையில் அத்தை அப்பாவின் பொத்தானைப் பார்த்து, “எந்தத் தேதி திரும்பி வர்றே?” என்று கேட்டாள்.

அப்பா செருப்பு வாரை மாட்டுவதுபோல் குனிந்தார். வார் முன்பே மாட்டித்தான் இருந்தது. இவ்வளவு சுலபமான கேள்விக்கு ஏன் இத்தனை நேரம் என்று நான் முந்திக்கொண்டேன்.

“என் பொறந்த நாளுக்கு வருவோம் அத்தே. அடுத்த வருஷம், ஆகஸ்ட் ரெண்டு.”

“வியாழக்கிழமை” என்றாள் அத்தை. திருப்தியாக உள்ளே போய்விட்டாள். டாக்ஸி கிளம்பும்போது வெளியே வரவில்லை. வரத் தேவையில்லையே.

புது நாட்டில் இந்த டாக்டர் கதையை நான் யார் கிடைத்தாலும் சொன்னேன். எங்கள் அத்தை ஒரு டாக்டரையே அசத்திவிட்டாள் என்று. நான் ஆரம்பித்ததும் அம்மா டீ போடுகிறேன் என்று எழுந்துவிடுவாள்.

அடுத்த வருஷம் என் பிறந்த நாள் கழிந்து மூன்று வாரத்தில் பெரியப்பாவின் கடிதம் வந்தது. அப்பா உரக்கப் படித்தார். அந்த வியாழக்கிழமை அத்தை விடியலிலேயே குளித்து, நல்ல கவுனைப் போட்டுக்கொண்டு, பஸ் நிற்கும் இடத்தில் போய் உட்கார்ந்தாளாம். கூப்பிட்டும் சாப்பிட வரவில்லையாம். கடைசி பஸ் போன பிறகு, தேதி இன்னும் முடியவில்லை என்றாளாம். அந்த இடத்தில் அப்பா கடிதத்தை மடித்துவிட்டார்.

“அத்தைக்கு பஸ் பார்க்க ரொம்பப் பிடிக்கும் போல” என்றேன் நான்.

அம்மா டீ போடுகிறேன் என்று எழுந்துவிட்டாள். நான் விளையாடப் போய்விட்டேன்.