சாரதி ஆசனத்துத் தையல்

சித்திரை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடங்கள் திறந்த திங்கட்கிழமை, பிரியங்கினி டீச்சர் திருகோணமலையை விட்டுப் போனார். கற்பிக்கப் போகிறவர் போலவே சேலை உடுத்து, உப்புவெளி வீட்டிலிருந்து புறப்பட்டிருந்தார். ஆனால் வடக்கே குச்சவெளிக்குப் போக வேண்டிய காரைத் தெற்கே ஓட்டிவந்து, லிங்கநகரில் ஹுஸ்னியாவின் கடை வாசலில் நிறுத்தினார். பற்றரியில் ஓடும்போது அந்தக் கார் பூனைபோலத்தான் வரும். தையல் மெஷினில் குனிந்திருந்த ஹுஸ்னியா, துணியில் நிழல் விழுந்த பிறகே நிமிர்ந்தாள்.

“அவர் கேட்டா, சீற்றில தையல் விட்டிட்டுது, தைக்கத் தந்திட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டா எண்டு சொல்லுங்கோ அக்கா. பின்னேரம் வரைக்கும் அப்படிச் சொன்னாப் போதும். பிறகு உங்கட விருப்பம்.”

“சரி டீச்சர்.”

டீச்சர் காரின் பின்பெட்டியிலிருந்து ஒரு சிறிய பயணப் பையை எடுத்தார். கார்த் திறப்பை ஹுஸ்னியாவின் உள்ளங்கையில் வைத்து, அந்தக் கையை ஒருமுறை அழுத்திவிட்டு, ஓட்டோ பிடிக்கச் சந்தியை நோக்கி நடந்தார். ஹுஸ்னியாவுக்கு அவரிடம் சொல்ல ஒன்று இருந்தது. விடுமுறை முழுக்கத் தொண்டையில் மீன்முள்ளாய் நின்ற ஒன்று. சொல்லுவதற்குள் ஓட்டோ திரும்பிவிட்டது.

ஹுஸ்னியா கிண்ணியாக்காரி. பள்ளிப் படிப்பு முடிந்ததும் கட்டுநாயக்காவில் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்து, ஐந்தாறு வருடம் வெளிநாட்டுக்காரரின் காற்சட்டைகளுக்குப் பின்பொக்கெற் தைத்தவள். தனியாகப் போய் வேலைசெய்த பெட்டை என்று ஊரில் கதைத்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அந்தக் கதைகளைப் பொருட்படுத்தாமல் அவளைக் கட்டியவன் றஊப். கத்தாரில் வாகன வயரிங் வேலை பழகித் திரும்பியிருந்தான். இருவரும் லிங்கநகரில் ஒரு கடையை வாடகைக்கு எடுத்தார்கள். ‘றஊப் ஒட்டோ அக்ஸஸரீஸ்’ என்று பலகையில் பெரிதாக எழுதி, அதன் கீழே சின்ன எழுத்தில் ‘குஷன் வேலைகளும் செய்து தரப்படும்’ என்று போட்டார்கள். அந்தக் கீழ்வரிதான் ஹுஸ்னியா.

குஷன் வேலை என்பது வெறும் தையல் அல்ல. சீற்றைக் கழற்றினால் அதன் இடுக்குகளில் ஒரு குடும்பமே கிடக்கும். கொண்டை ஊசி, கோயில் நூல், பிள்ளையின் ஒற்றைச் சப்பாத்து, யாருக்கும் காட்டாத மருந்துச் சீட்டு. ஒருமுறை ஒரு முதலாளியின் வான் சீற்றுக்குள் அவருடைய மனைவிக்குப் பொருந்தாத காப்பு ஒன்றும் கிடந்தது. எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு முடிந்து, முன்பக்கத் தட்டில் வைத்துவிடுவாள். “வாகனத்துக்குள்ள கண்டது வாகனத்தோட போகோணும்” என்பது றஊப் வகுத்த சட்டம். ஆளை ஆள் தெரிந்த ஊரில் அந்த வாய்க்கட்டுக்காகவே அவர்களிடம் வாகனங்கள் வந்தன.

றஊபின் கைராசி வேறு. ஜப்பானில் ஓடி அலுத்து இங்கே வந்திறங்கும் ஹைபிரிட் கார்களின் திரையெல்லாம் ஜப்பான் எழுத்து. வழிகாட்டும் குரலும் ஜப்பான் பெண்ணின் குரல். அதில் ஓர் எழுத்தும் றஊபுக்கு வாசிக்கத் தெரியாது. எழுத்துகளை உருவத்தால் பிடித்து வைத்திருந்தான். “கூரை போட்ட வீடு மாதிரி நிக்கிறதை அமத்தக் கூடாது. ஏணி மாதிரி நிக்கிறதை அமத்தோணும்,” என்பான். காரை இயக்கியதும் அந்தப் பெண் ஏதோ சொல்லுவாள். “வ அலைக்கும் ஸலாம்” என்று இவன் பதில் சொல்லுவான்.

டீச்சரின் காரை முதன்முதலில் கடைக்குக் கொண்டுவந்தவர் அவருடைய கணவர் ஜதுசன். நிலாவெளியில் ஹோட்டல் வைத்திருப்பவர். அவருடைய ஹோட்டல் வான்கள் எல்லாவற்றுக்கும் இந்தக் கடையில்தான் வேலை. குரல் உயர்த்தாத மனிதர். வந்தால் ஹுஸ்னியாவின் பிள்ளைகளுக்கு மஸ்கற் இனிப்புக் கொண்டுவருவார். கொழும்பில் யாரோ ஓட்டிய பழைய லெக்ஸஸ் ஹைபிரிட் ஒன்றை மனைவிக்கென்று வாங்கியிருந்தார். தோல் சீற் கவர், பின்பக்கக் கமரா, நெவிகேஷனை ஆங்கிலத்துக்கு மாற்றி இலங்கை வரைபடம் ஏற்றுதல் என்று வேலைகளை அடுக்கிவிட்டு, கடைசியாக ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார்.

“இதையும் எங்கயாவது போட்டுவிடுங்கோ நானா. களவு கூடிப் போச்சுத்தானே,” என்று றஊபிடம் நீட்டினார்.

கார் எங்கே நிற்கிறது என்று கைபேசிக்குச் சொல்லும் கருவி. அப்படிப்பட்டதை றஊப் எத்தனையோ வான்களுக்குப் பூட்டியிருக்கிறான். ஆனால் இதில் சிம்முக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் துளை இருந்தது. அந்த எண்ணுக்கு அழைத்தால் மணி அடிக்காது, விளக்கு எரியாது. காருக்குள் பேசுவது மட்டும் கேட்கும்.

சாரதி ஆசனம் மோட்டரில் நகர்வது. அதனால் அதன் அடியில் எந்த நேரமும் மின்சாரம் இருக்கும். றஊப் அங்கேயே வயரை இணைத்து, கருவியை ஸ்பொஞ்சின் ஓரத்தில் பதித்தான். மேலே கவரைப் போட்டு மூடித் தைக்க ஹுஸ்னியா வந்தாள். வந்தவள் புருஷனின் காதுக்குள் கேட்டாள்:

“இஞ்சருங்க, களவெடுக்கிறவன்ட கதையைக் கேட்டு இவர் என்ன செய்யப் போறார்?”

“அது அவர்ட வாகனம். நீ தை.”

தைத்தாள். தைத்து முடித்ததும் ஜதுசன் முற்றத்தின் மறுபக்கம் போய் நின்று, கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு, “அக்கா, உள்ளுக்கு இருந்து என்னெண்டாலும் கதையுங்கோ” என்றார். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்த ஹுஸ்னியாவுக்கு என்ன கதைப்பதென்று தெரியவில்லை. “சீற் நல்ல மெத்தை மாதிரி இருக்கு. டீச்சருக்கு முதுகுநோ, நாரிநோ வராது,” என்றாள்.

“பக்கத்தில நிக்கிற மாதிரிக் கேக்குது,” என்று அவர் சிரித்தார்.

அன்று இரவு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. றஊப் தட்டைப் பார்த்துவிட்டு எழுந்து கைகழுவப் போனான்.

சித்திரை விடுமுறைக்குக் கொஞ்சம் முந்தி டீச்சரே காரைக் கொண்டுவந்தார். றஊப் ஏற்றிய வரைபடம் எங்கிருந்தோ பிரதி எடுத்தது. இறக்கக்கண்டிப் பாலம் கட்டப்படுவதற்கு முந்திய காலத்தது.

“நானா, நான் பாலத்துக்கு நடுவில போறன். உங்கட ஆள் என்னைப் படகுக்குக் காத்திருக்கச் சொல்லுறா!”

“ஜப்பான்காரியெல்லோ டீச்சர், பாதுகாப்பா இருக்கட்டும் எண்டு நினைச்சிருப்பா,” என்று சமாளித்துவிட்டு, றஊப் புதிய வரைபடம் ஏற்ற மெமரி அட்டையைக் கழற்றிக்கொண்டு உள்ளே கணினிக்குப் போனான்.

வெயில் கொளுத்தியது. டீச்சர் ஏசியைப் போட்டுக்கொண்டு காரிலேயே இருந்தார். ஹுஸ்னியாவைக் கண்டதும் பக்கத்துச் சீற்றைத் தட்டிக் கூப்பிட்டார். மறுக்க முடியாமல் ஏறி இருந்தாள். கதவு சாத்தியதும் வெளிச்சத்தம் எல்லாம் அடங்கிப் போனது.

“அக்கா, உங்களிட்ட ஒண்டு சொல்லட்டே? நான் போற வழியில எந்தக் கடையில நிண்டு இளநி குடிச்சனான் எண்டும் இவருக்குத் தெரியும். ஸ்கூலுக்கு என்னோட காரில வாற டீச்சர்ப் பிள்ளைக்கு நான் சொன்ன கதை, ராவைக்கு இவர்ர வாயால வருது. அவள்தான் சொல்லுறாள் எண்டு நினைச்சு இப்ப அவளோட கதைக்கிறதையே விட்டிட்டன். அவள் அழுறாள். எனக்கு ஆரை நம்பிறதெண்டு தெரியேல்ல.”

ஹுஸ்னியாவின் கண் டீச்சரின் சீற்றின் ஓரத்துக்குப் போனது. டீச்சர் தேடித் தவிக்கும் அந்தக் கோள்சொல்லி, அவர் இருக்கிற சீற்றுக்குள்ளேயே, இவள் போட்ட இரட்டைத் தையலுக்குள் இருக்கிறான். இந்த நேரம் ஜதுசன் கைபேசியில் கேட்டுக்கொண்டிருக்கலாம். கேட்காமலும் இருக்கலாம். வாயைத் திறந்து சொன்னால், சொன்னதும் கேட்கும்.

“டீச்சர், இறங்கி வாங்க, ப்ளேன்ரீ குடிப்பம்.”

“இருங்கோ அக்கா, இந்த வெயிலுக்க ஆர் இறங்கிறது. கேளுங்கோ. அவர் அடிக்கிறேல்ல, ஏசிறேல்ல. சிரிச்சுக்கொண்டே கேப்பார், ‘இண்டைக்கு என்ன பதினைஞ்சு நிமிசம் பிந்தீற்றுது?’ எண்டு. எனக்கு இனி ஏலாது. நீர்கொழும்பில என்னோட படிச்ச ஒருத்தி இருக்கிறா…”

ஹுஸ்னியா கையை நீட்டி வானொலிச் சத்தத்தைக் கூட்டினாள். டீச்சர் சிரித்துக்கொண்டே குறைத்தார். “அவளிட்டத்தான் போகப் போறன். எப்ப எண்டா…”

“டீச்சர், எழும்புங்க! சீற்றில ஊசியை விட்டிட்டன்! குத்தும்!”

டீச்சர் அலறிக்கொண்டு வெளியே பாய்ந்தார். சத்தம் கேட்டு றஊப் ஓடிவந்தான். “என்ன வேலை பாக்கிறாய் நீ? ஒரு ஆளைக் குத்திக் கொல்லுறதுக்கா?” என்று டீச்சருக்கு முன்னாலேயே ஏசினான். ஹுஸ்னியா சீற்றைத் தடவுவதுபோலத் தடவி, தன் முந்தானையில் குத்தியிருந்த ஊசியை எடுத்துக் காட்டினாள். “கிடைச்சிட்டு.” டீச்சர் நெஞ்சில் கைவைத்துச் சிரித்தார். றஊப் பக்கத்திலேயே நின்றான். டீச்சர் புது வரைபடத்தோடு புறப்படும்வரை அவன் நகரவில்லை.

ஊர் சொல்லப்பட்டுவிட்டது. நாள் மட்டும் தப்பியது. அதை ஹுஸ்னியா விடுமுறை முழுக்க நினைத்துக்கொண்டிருந்தாள். டீச்சரின் தொலைபேசி எண் தெரியாது. வீட்டுக்குப் போனால் அங்கே அவர் இருப்பார். ஒருநாள் துணிந்து போகப் புறப்பட்டவளை, “எங்கட சோத்தில நீயே மண்ணைப் போடப் போறியா?” என்று றஊப் வாசலில் மறித்தான்.

ஆகவே அந்தத் திங்கட்கிழமை, டீச்சரின் ஓட்டோ மறைந்த பிறகு, றஊப் வருமுன்பே ஹுஸ்னியா கடையைத் திறந்தபடியே விட்டுவிட்டு இன்னோர் ஓட்டோவில் ஏறினாள். பஸ் நிலையத்தில் கொழும்பு பஸ் புறப்பட்டு, வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. யன்னலோரம் டீச்சர். ஹுஸ்னியா கூடவே ஓடி, யன்னல் தகட்டில் அடித்தாள்.

“நீர்கொழும்புக்குப் போகாதீங்க! அவருக்குத் தெரியும்!”

“என்ன?”

“சீற்றுக்க கேக்கிற சாமான் இருக்கு! நான்தான் தச்ச!”

பின்னால் நின்ற பஸ் விடாமல் ஹோர்ன் அடித்தது. டீச்சரின் உதடு அசைந்தது. முகம் மாறியதா, வெயில் கண்ணில் அடித்ததா என்று ஹுஸ்னியாவுக்குத் தெரியவில்லை. பஸ் வேகமெடுத்தது.

கடைக்குத் திரும்பியதும் முதல் வேலையாக ஒரு பிளேடை எடுத்து, சாரதி ஆசனத்தின் பக்கத் தையலைத் தானே வெட்டிவிட்டாள். பொய் சொல்லத்தான் போகிறாள். அதற்கொரு சாட்சி இருக்கட்டும்.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்தில் ஜதுசன் வந்தார். கார் எங்கே என்று யாரும் அவருக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை. விட்டுப்போன தையலைப் பார்த்தார். விரலை ஓட்டி, வெட்டிய நுனியையும் பார்த்தார்.

“ஏதும் சொன்னவவோ அக்கா?”

“தையல் விட்டிட்டெண்டு சொன்ன. வேற என்னத்தச் சொல்ற சேர்?”

அவர் ஒன்றும் கோபப்படவில்லை. “நானா, வாகனத்துக்குக் காத்து அடிச்சு விடுங்கோ. நீர்கொழும்புப் பக்கம் ஒருக்காப் போயிட்டு வரோணும்,” என்றார். அப்போதுதான் றஊப் ஹுஸ்னியாவை நிமிர்ந்து பார்த்தான். கையில் இருந்த காற்றுக் குழாய் கீழே விழுந்து சீறியது.

இரண்டு நாள் கழித்து அவர் தனியே திரும்பி வந்தார் என்று ஹோட்டல் சாரதி மூலம் தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. டீச்சர் நீர்கொழும்புக்குப் போகவே இல்லையா, போய் ஒளிந்துகொண்டாரா, அங்கே என்ன நடந்தது என்று கேட்க ஆள் இல்லை. டீச்சர் யாரோடோ ஓடிப்போனார் என்று குச்சவெளியில் கதைத்தார்கள். ஹுஸ்னியாவிடம் சீற் கவருக்கு அளவு கொடுக்க வந்தவர்களும் அதைக் கதைத்தார்கள். அவள் வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு அளவெடுத்தாள்.

ஹோட்டல் வான்கள் மெல்ல மெல்ல வேறு கடைக்குப் போயின. பஸ்ஸோடு ஹுஸ்னியா ஓடியதை யாரோ கண்டு சொல்லியிருக்க வேண்டும். றஊப் அதைப்பற்றிச் சண்டை பிடிக்கவில்லை. அப்படியான கருவியோடு வேறு ஆட்கள் வந்தபோது, “நான் தைக்க மாட்டன்” என்றாள் ஹுஸ்னியா.

“நீ தைக்கத் தேவையில்ல. இப்ப டாஷ்போட்டுக்கு உள்ளுக்குத்தான் வைக்கிற,” என்றான் அவன், அவளுடைய முகத்தைப் பார்க்காமல்.

அடுத்த வருட மாரி தொடங்கி, முற்றத்தில் தண்ணீர் கட்டி நின்ற ஒரு நாள். வான் சீற் ஒன்றின் பழைய தையலை உரித்துக்கொண்டிருந்தவளின் கைபேசியில் தெரியாத எண்ணிலிருந்து வட்ஸ்அப் ஒன்று வந்தது. படம் இல்லை, பெயர் இல்லை. கடைப் பலகையில் இருந்த எண்ணை யாரிடமோ கேட்டு எடுத்திருக்க வேண்டும்.

“ஹுஸ்னியா அக்கா, நான் பிரியங்கினி. நீங்கள் கத்தினது பாதிதான் கேட்டது. கேட்ட பாதிக்கு நான் இடைவழியில, ஹபரணையில இறங்கீற்றன். இப்ப ஒரு இடத்தில படிப்பிக்கிறன். எந்த இடம் எண்டு உங்களுக்குச் சொல்ல மாட்டன், குறை நினைக்காதேங்கோ. ஒண்டு கேக்கோணும். இதுமாதிரி வேற எத்தினை பேருக்குத் தச்சுக் குடுத்தனீங்கள்? அவையளுக்கும் சொல்லீற்றீங்களோ?”