கீலுக்கு விட்ட எண்ணெய்

இன்று தச்சர் என் வீட்டுக் கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டார். அந்த வாசனையில், மூக்கண்டப்பள்ளியில் எங்கள் தகரக் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது தொழிற்சாலைச் சுவர் நிற்பதையும் மறந்து, அங்கேயே போய்விட்டேன்.

கொட்டகைக்குள் அப்பாவின் சீமைக் கார். நோயாளி அம்மாவைப் பெங்களூர் ஆஸ்பத்திரிக்குப் படுக்கவைத்துக் கொண்டுபோக, முன் சீட்டின் சாய்மானத்தை அறுத்து, கீல் வைத்து, பின்பக்கமாகச் சாயும்படி அவரே மாற்றியிருந்தார். அம்மா இறந்த பிறகும் அதை நிமிர்த்தவில்லை. ஞாயிறுதோறும் ராகிக் கோணியை விரித்துக் காரடியில் படுத்து கிரீஸ் அடித்து, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றி, ஹேண்டிலைச் சுழற்றி எஞ்சினை உறுமவிட்டு, கடைசியில் அந்தக் கீலுக்குச் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விடுவார்.

"அப்பா, நா முன்னாடி உக்காரட்டா?"

"பின்னாடியே குந்து கண்ணு."

ஜூஜுவாடிவரை போய்த் திரும்புவோம். அப்பாவுக்குப் பக்கத்தில் அந்த வெற்றுச் சீட்டு படுத்தே வரும். எனக்கு அவர் பிடரி மட்டும் தெரியும்.

பிறகு காரை விற்றார். வாங்க வந்தவர் சாய்மானத்தை ஒரு கையால் தூக்கினார். கிறீச்சென்ற சத்தம்கூட இல்லாமல் நிமிர்ந்தது. தன் சின்ன மகளைத் தூக்கி அதில் உட்காரவைத்தார்.

அப்போதுதான் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.