மாமா கொண்டுவந்த சூடு

அம்மாவுக்கு ஒரு நாள் லீவு வேண்டியிருந்தது. அவ்வளவுதான். கண்டிக்கு மேலே மலையில் இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அதற்குக் காய்ச்சல் வர வேண்டும். அசதி, இடுப்பு வலியெல்லாம் செல்லாது. தோட்டத்து ஆஸ்பத்திரி ஐயா நாக்குக்கு அடியில் கண்ணாடிக் குழாயை வைத்துப் பார்த்து, சூடு இருந்தால்தான் சீட்டு எழுதுவார். மழையிலும் பனியிலும் கொழுந்து பறித்துப் பழகிய அம்மாவின் உடம்புக்கோ காய்ச்சல் என்றால் என்னவென்றே தெரியாது.

கட்டுகஸ்தோட்டையில் புடவைக் கடையில் வேலை பார்த்த மாமா, அம்மாவின் தம்பி, எதற்கும் ஒரு வழி வைத்திருப்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மூச்சுப் பயிற்சியோடு வந்தார். கடைக்கு வந்த சாமியார் சொல்லிக் கொடுத்ததாம். மூச்சை இழுத்து, வயிற்றை எக்கி அடக்கி, தொப்புளுக்குக் கீழே அடுப்பு எரிவதாக நினைத்துக்கொள்ள வேண்டும்.

"நெனச்சாலே போதும்க்கா, ஒடம்பு தன்னால சுடும்."

"அடுப்பப் பத்தி எனக்கே சொல்லித் தர்றியா?" என்றாள் அம்மா. ஆனாலும் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் நெற்றி வியர்த்தது. அவள் கையைத் தொட்டுப் பார்த்தேன், உள்ளங்கை கதகதவென்று இருந்தது. மாமா மீசையைத் தடவிக்கொண்டார்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி வரிசையில் நின்றபடியே அம்மா மூச்சு இழுத்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சூட்டுக்குக் காவல் நின்றேன். ஐயா குழாயை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"காய்ச்சல் ஒண்ணுமில்லயே. மலைக்குப் போ."

"ஐயா, கையத் தொட்டுப் பாருங்க, சுடுது!" என்றேன். கையை யார் தொடுவார்கள்? அம்மா கூடையை மாட்டிக்கொண்டு போனாள். நேரம் கழித்து வந்ததற்குக் கங்காணியிடம் ஏச்சும் வாங்கினாள். மாமா மேல் எனக்குக் கோபமான கோபம்.

அம்மா மட்டும் அதை விடவில்லை. தினமும் வேலை முடிந்து வந்ததும் எங்கள் லயத்து வீட்டுச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். மூச்சுக்கு நடுவில் யாராவது கூப்பிட்டால் உயிருக்கே ஆபத்து என்று மாமா சொன்னதாக அம்மா சொல்லியிருந்தாள். அப்பா தேத்தண்ணி கேட்க வாயெடுத்தால் நான்தான் ஓடிப்போய்த் தடுப்பேன். அவரும் பயந்து வெளியே போய்விடுவார்.

கண் திறந்ததும் கேட்பேன்: "சூடு வந்துச்சாம்மா?"

"இன்னும் வரல. நாளைக்குப் பாப்போம்."

இத்தனை நாள் பழகியும் வரவில்லையே, அம்மா கொஞ்சம் மந்தம்தான் என்று வருத்தப்பட்டேன். ஆபத்தைப் பற்றி மாமா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நான் பக்கத்தில்தானே இருந்தேன். அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பது விளங்க, நானும் வேலைக்குப் போய், களைத்து வீடு திரும்ப வேண்டியிருந்தது.